தைவான் பிங்க் கொய்யா: கன்றை வாங்கும் முன் வேரைப் பாருங்கள்

வீட்டுக்கு ஒரு கொய்யா வேண்டும் என்று நர்சரிக்குப் போனால் இன்று பெரும்பாலும் கையில் கிடைப்பது தைவான் பிங்க்தான். சீக்கிரம் காய்க்கும் என்ற பேச்சு உண்மை. நட்ட ஓராண்டுக்குள் பூவெடுக்கும், எத்தனை முறை கவாத்து செய்தாலும், அதாவது கிளைகளை வெட்டிவிட்டாலும், மறுபடி துளிர்க்கும். ஆறடிக்குள் அடக்கி வைக்கலாம் என்பதால், 200 லிட்டர் டிரம்மைப் பாதியாக அறுத்து மாடியில் வளர்க்கவும் தோதான ரகம்.

சுவையில் லக்னோ 49 என்ற கொய்யா ரகம் ஒரு படி மேல்தான். தைவான் பிங்க்கை முழுக்கப் பழுக்க விட்டால் சதை குழைந்துவிடும். பச்சை வெளிறி இளமஞ்சள் தட்டும்போதே செங்காயாகப் பறித்தால் மொறுமொறுப்பும் இனிப்பும் சேர்ந்தே கிடைக்கும். மழைக்காலக் காய் சப்பென்றிருக்கும். அதை வைத்து ரகத்தை எடைபோடாதீர்கள்.

பெரிய ஆபத்து ரகத்தில் இல்லை, கன்றின் பையில் இருக்கிறது. வேர்முடிச்சு நூற்புழு என்பது மண்ணில் வாழும், கண்ணுக்குத் தெரியாத நுண்புழு. அது ஏறிய கன்று மேலே பார்க்கத் தளதளவென்றே இருக்கும். பையை ஒரு பக்கம் கீறி, மண்ணை லேசாக உதிர்த்து, வேரைப் பாருங்கள். நல்ல வேர் நூல் நூலாகப் பிரியும். புழு பிடித்த வேரில் மிளகு கோத்தது போல முடிச்சுகள் தெரியும், முற்றியவை இஞ்சித் துண்டு மாதிரி பருத்திருக்கும். விரலால் உருட்டினால் கழன்று வராது, வேரே வீங்கியதுதான் அது. இப்படிப்பட்ட கன்றை நட்டால் ஒன்றிரண்டு வருடத்தில் இலை செம்பு நிறமாகும், ஈர மண்ணிலும் மரம் வாடும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள். புழு துளைத்த வழியாக வாடல் பூஞ்சணம் நுழைந்தால் மரம் காய்ந்தே போகும். அந்த மண்ணில் தக்காளி, கத்தரி, வெண்டைக்கும் புழு பரவும். வேரைக் காட்ட மறுக்கும் கடையில் வாங்கவே வேண்டாம்.

ஒன்றரை அடி ஆழ அகலக் குழியில் மேல்மண்ணோடு மக்கிய தொழுவுரம் 10 கிலோ, வேப்பம்புண்ணாக்கு 1 கிலோ கலந்து நடுங்கள். சுற்றிலும் செண்டுமல்லி இருந்தால் நூற்புழு ஓரளவு கட்டுக்குள் நிற்கும். ஆறு மணி நேர வெயில் கட்டாயம், நிழலில் தழைதான் மிஞ்சும்.

கன்று இரண்டடி வந்ததும் நுனியைக் கிள்ளி, நாலா பக்கமும் போகும்படி மூன்று நான்கு கிளைகளை மட்டும் விடுங்கள். முதல் வருடப் பூவை உதிர்த்துவிடுவது நல்லது. மெல்லிய கிளையில் காயை விட்டால் வளைந்து முறியும். புதுத் துளிரின் இலைக்கணுவில்தான் கொய்யா பூக்கும், ஆகவே ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் காய்த்த கிளையைப் பாதிக்கு வெட்டுங்கள். கவாத்து செய்யச் சோம்பினால் இந்த ரகத்தால் பயனில்லை.

காய் எலுமிச்சை அளவு வந்ததும் நுரைவலை போட்டு, மேலே பிளாஸ்டிக் உறை மாட்டிக் காம்பில் கட்டுங்கள். அடிமூலை இரண்டையும் வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே நீர் கோத்துக் காய் அழுகும். பழ ஈ முட்டையிட்ட பிறகு உறை போட்டால் புழுவுக்குத்தான் பாதுகாப்பு. காயில் சொரசொரப்பான கரும்புள்ளிகள் வந்தால் அது பெரும்பாலும் தேயிலைக் கொசு என்ற சாறுறிஞ்சும் பூச்சி பிஞ்சில் குத்திய தழும்பு. அந்த மரத்தில் அடுத்த காய்ப்புக்கு உறையை இன்னும் முன்னதாகவே மாட்டுங்கள்.