எங்கள் நகராட்சி சிறுவர் பூங்கா: இரண்டு வருடம் போய்வந்த பிறகு

சென்னையை ஒட்டிய ஒரு நகராட்சியில் மகள் வீட்டோடு இருக்கிறேன். பேத்திக்கு ஐந்து வயது. மழை இல்லாத நாளெல்லாம் சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு தெருமுனையில் இருக்கும் சிறுவர் பூங்காவுக்குப் போகிறேன், இரண்டு வருடமாக. புதிதாகக் குடிவருகிறவர்கள் பூங்கா எப்படி என்று என்னிடம் கேட்கிறார்கள். இடம் அருமை, மரம் அருமை, விளையாட்டுச் சாமான்களைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை. ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். ஏன் என்று விவரமாகவே எழுதுகிறேன்.

நான் சென்னை பேசின் பிரிட்ஜ் டிப்போவில் ரயில் பெட்டிகளுக்கு ஃபிட்டராக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன். ஊஞ்சல் என்றால் முதலில் கொக்கியைத்தான் பார்ப்பேன். கை அப்படிப் பழகிவிட்டது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் பெரிய மனைப்பிரிவு போட்டால் பத்து சதவீத இடத்தைப் பொதுவுக்கு விட வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால் அந்த நிலத்தை உள்ளாட்சிக்கே எழுதிக்கொடுத்துவிட வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்பார்கள், திறந்தவெளி ஒதுக்கீடு என்று அர்த்தம். எங்கள் பூங்கா அப்படிக் கிடைத்த நிலம்தான். எத்தனையோ இடங்களில் இந்த நிலம் முள் மண்டிக் கிடக்கும், இல்லாவிட்டால் யாராவது மாடு கட்டியிருப்பார்கள். இங்கே காம்பவுண்டு எழுப்பி, மரம் வைத்து, வெளிச்சம் போட்டு, காவலுக்கும் ஓர் ஆளை வைத்திருக்கிறார்கள். காலை 5 முதல் 9, மாலை 4 முதல் 8. இரண்டு புங்கமரம், ஒரு வேம்பு, மேற்கு மூலையில் ஒரு நாவல். ஆனி மாதம் நாவலடியில் இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்தால் வேட்டி ஊதாவாகிவிடும், பிள்ளைகள் நாக்கும் ஊதா. காலையில் பெருக்க வரும் அம்மா சருகை எல்லாம் மரத்தடியிலேயே குவித்து விடுகிறார். அந்த மண் கோடையிலும் ஈரமாக இருக்கிறது. அவர் ஒருவர் செய்யும் வேலைக்கே முதல் மதிப்பெண்ணைக் கொடுக்கலாம்.

ராட்டினமும் நன்றாக இருக்கிறது. பழைய காலத்துக் கனமான இரும்பு. பேரிங் இன்னும் சத்தமில்லாமல் சுற்றுகிறது. போட்டவர் யாரோ தொழில் தெரிந்தவர்.

அப்புறம் ஊஞ்சல். மொத்தம் நான்கு. இரண்டு பெரியது, இரண்டு சின்னப் பிள்ளைகளுக்குத் தொட்டில் மாதிரி இருக்கை வைத்தது. பேத்தி ஆடும் ஊஞ்சலில் இந்த வருடம் தை மாதத்திலிருந்தே ஒரு 'கிறீச்' கேட்டது. எண்ணெய் இல்லாத சத்தம் வேறு, தேய்ந்த சத்தம் வேறு. காவலரிடம் கேட்டு ஏணி வாங்கிப் போட்டு ஏறினேன். மேல் குழாயிலிருந்து சங்கிலி தொங்கும் எஸ் கொக்கியைப் பார்த்தேன். கொக்கி முழுக்கத் துரு, உள்வளைவில் மட்டும், சங்கிலி வளையம் உட்கார்ந்து ஆடும் அந்த அரை அங்குலத்தில், இரும்பு வெள்ளி போலப் பளபளத்தது. அங்கேதான் இரும்பு அரைபட்டுப் போயிருக்கிறது. கனம் அளக்கும் வெர்னியர் வைத்துப் பார்த்தேன். 10 மில்லிமீட்டர் கம்பி, தேய்ந்த இடத்தில் 6 தான் இருந்தது. கொக்கியின் வாயும் விரிந்து, என் சாவி நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது. அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் பொது விளையாட்டிடங்களுக்கு ஒரு கையேடு போட்டிருக்கிறது, மகள் போனில் இறக்கிப் படித்துச் சொன்னாள். இந்த வாய் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் திறந்திருக்கக் கூடாதாம். திறந்திருந்தால் பாவாடை நாடா, துப்பட்டா எல்லாம் சிக்கும், சங்கிலியும் ஒரு நாள் கழன்றுவிடும்.

இறங்கி வந்து பேத்தியைச் சின்ன ஊஞ்சலுக்கு மாற்றினேன். அன்று அவள் அழுத அழுகை கொஞ்சமில்லை.

ஊஞ்சல் நிற்கும் இடமும் சரியில்லை. குழாயின் உயரம் 8 அடி என்றால் முன்னால் 16 அடி, பின்னால் 16 அடி காலியாக விட வேண்டும், உயரத்துக்கு இரண்டு மடங்கு என்பது கணக்கு. எங்கள் ஊஞ்சலுக்கு முன்னால் 9 அடியில் சுவர். பின்னால்தான் கேட்டிலிருந்து சறுக்குமரத்துக்குப் போகும் நடைபாதை. கேட்டைத் தாண்டியதும் மூன்று வயதுப் பிள்ளை எங்கே ஓடும்? நேராகச் சறுக்குமரத்துக்கு. குறுக்கே ஊஞ்சல் வருவதை அது பார்ப்பதில்லை. பொங்கல் லீவில் ஒரு சின்னப் பையனின் உதட்டில் பலகை விளிம்பு பட்டுக் கிழிந்து இரண்டு தையல் போட்டார்கள். அவன் அம்மா தன்னையே திட்டிக்கொண்டு அழுதார். அவர் மேல் ஒரு தப்பும் கிடையாது. பாதையை ஏழெட்டடி தள்ளிப் போட்டு நடுவில் இடுப்பளவு செடிவேலி வைத்தால் போதும். நந்தியாவட்டைக்கு என்ன பெரிய செலவு?

தரைக்கு வருகிறேன், இதில் நகராட்சி ஒரு நல்ல காரியம் செய்தது. முன்பு ஊஞ்சலுக்கும் சறுக்குமரத்துக்கும் அடியில் பேவர் பிளாக் பதித்திருந்தார்கள். விழுந்தால் மண்டைதான். அதைப் பெயர்த்துவிட்டு மணல் கொட்டினார்கள். ஆனால் கொட்டியதோடு விட்டுவிட்டார்கள். மணல் கால்பட்டுக் கால்பட்டு ஓரத்துக்குப் போகும், மழையில் இறுகும். 4 அடி உயரத்திலிருந்து விழும் பிள்ளையைத் தாங்க 9 அங்குல மணல் வேண்டும் என்று அதே கையேடு சொல்கிறது. இறுகிப்போவதைக் கணக்கில் வைத்து 12 அங்குலம் கொட்டச் சொல்கிறார்கள். ஸ்டீல் ஸ்கேலைச் செருகிப் பார்த்தேன். ஓரத்தில் 7 அங்குலம். ஊஞ்சலுக்கு நேர் கீழே, பிள்ளை விழுகிற இடத்தில், 2 அங்குலம். அதற்குக் கீழே ஜல்லி. வாரம் ஒரு தடவை மண்வெட்டியால் ஓரத்து மணலை நடுவே இழுத்துவிட்டால் தீர்ந்தது, பத்து நிமிட வேலை. யார் செய்வது என்று மட்டும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

சறுக்குமரம் எவர்சில்வர் தகடு, மேற்குப் பார்த்து வைத்திருக்கிறார்கள். சித்திரையில் நாலு மணிக்குக் கேட் திறக்கும்போது அது தோசைக்கல். பேத்திக்குத் தொடையில் சிவந்து தடித்துப் போய் இரண்டு நாள் தேங்காய் எண்ணெய் தடவினோம். அதைக் கழற்றி வடக்குப் பார்த்துத் திருப்பினால் புங்கமர நிழல் சரியாக மேலே விழும். அதுவரை கோடையில் ஐந்தரைக்கு மேல் போங்கள். போனதும் உங்கள் புறங்கையைத் தகட்டில் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, பெற்றோர் கண்ணில் படாதது. ஏணியின் மேல் மேடையைச் சுற்றி இருக்கும் கம்பிகளின் இடைவெளி. பிள்ளைகள் கால்களை முதலில் விட்டு இறங்கப் பார்ப்பார்கள். இடைவெளி மூன்றரை அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் உடம்பே நுழையாது. 9 அங்குலத்துக்கு மேல் இருந்தால் தலையும் சேர்ந்து வந்துவிடும். நடுவில் எந்த அளவு இருந்தாலும் உடம்பு போய்த் தலை மாட்டிக்கொள்ளும், பிள்ளை கழுத்தில் தொங்கும். எங்கள் மேடையில் 5 அங்குலம். இரண்டு கம்பிக்கு நடுவே ஒரு கம்பி வைத்து வெல்டிங் அடித்தால் அரை நாளில் முடியும்.

ஆடும் குதிரை உடைந்துபோனதும் எடுத்துக்கொண்டு போனார்கள். அதை நிறுத்தியிருந்த நான்கு போல்ட் மட்டும் கான்கிரீட்டில் 2 அங்குலம் நீட்டிக்கொண்டு எட்டு மாதம் நின்றன. என் வீட்டு ஹேக்ஸா பிளேடால் நானே அறுத்துவிட்டேன். கழிப்பறை பூட்டியே இருக்கிறது, சாவி கேட்டால் கிடைக்கும். குடிதண்ணீர் கொண்டு போய்விடுங்கள்.

கேட்டைப் பற்றிச் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை. மாடு வரக்கூடாது என்று சுழல் கேட் போட்டிருக்கிறார்கள். எங்கள் அடுத்த தெருவில் ஒரு பெண்குழந்தை சக்கர நாற்காலியில் இருக்கிறாள். அவள் அம்மா வெளியே சுவரோரம் நிறுத்தி வேடிக்கை காட்டிவிட்டுக் கூட்டிப் போகிறார். பெரிய கேட்டின் பூட்டைத் திறந்துவிட்டால் போதும், உள்ளே வரலாம். சென்னை சாந்தோமில் மாநகராட்சி, மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளையும் மனதில் வைத்து ஒரு பூங்காவே அமைத்திருக்கிறது. அவ்வளவு வேண்டாம். ஒரு பூட்டும் பத்தடிச் சரிவுப் பாதையும் கேட்கிறேன். காவலரிடம் பேசியதில், இப்போது அவர் பணியில் இருக்கும்போது அந்தப் பிள்ளை வந்தால் திறந்துவிடுகிறார். ராட்டினம் சுற்றுவதை அவள் பக்கத்தில் இருந்து பார்க்கிறாள்.

இவ்வளவையும் அடுக்கிப் பார்த்தால் எதற்குமே புதுச் சாமான் வேண்டியதில்லை. வருடத்துக்கு ஒருமுறை பெயின்ட் அடிக்கிறார்கள், உடைந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் பிளாஸ்டிக் செட் வாங்குகிறார்கள். பெயின்டுக்கும் உடைவதற்கும் நடுவில் இருக்கும் வேலைக்குத்தான் ஆள் இல்லை. டிப்போவில் நாங்கள் அந்த வேலையைத்தான் செய்தோம். வண்டி வந்து பிட் லைனில், அதாவது அடியில் பள்ளம் வெட்டிய தண்டவாளத்தில், நின்றதும் அடியில் இறங்கிப் பார்ப்போம். அது போக மாதம் ஒருமுறை ஏ ஷெட்யூல் என்ற சோதனை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சி. குறித்த காலம் வந்தால் பெட்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போய் முழுசாகப் பிரிபடும். திரும்பி வரும்போது பெட்டியின் கடைசிச் சுவரில் பார்த்த தேதியும் அடுத்து வரவேண்டிய தேதியும் பெயின்டில் எழுதியிருக்கும். எந்த ஃபிட்டரும் தூரத்திலிருந்தே படிக்கலாம். பயணிகளும் படிக்கலாம்.

விளையாட்டிடங்களுக்கு ஐரோப்பாவில் இ.என். 1176 என்று ஒரு தரநிர்ணயம் இருக்கிறது. அதில் ஏழாவது பாகம் பராமரிப்புக்கு. மகள் அதன் சுருக்கத்தைச் சொல்லக் கேட்டபோது டிப்போவுக்கே போய்வந்த மாதிரி இருந்தது. அடிக்கடி கண்ணால் பார்ப்பது ஒன்று. ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் தேய்மானம், போல்ட் எல்லாம் தொட்டுப் பார்ப்பது இரண்டாவது. வருடம் ஒருமுறை அஸ்திவாரம், துரு, வெல்டிங் என்று முழுச் சோதனை மூன்றாவது. அதே மூன்று படி. ஒரு நகராட்சியில் இருபது பூங்கா இருந்தாலும், ஸ்பேனர் பையோடு ஒரே ஒரு ஃபிட்டர், தினம் ஒரு பூங்கா என்று சுற்றினால் மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

மாசி மாதம் இதையெல்லாம் எழுதி, கொக்கியின் போட்டோவோடு நகராட்சி அலுவலகத்தில் மனு கொடுத்தேன். வார்டு கவுன்சிலரிடம் ஒரு பிரதி. ஆறு வாரம் பதில் இல்லை. நான் பெரிய ஊஞ்சலைக் கயிற்றால் சுருட்டிக் கட்டி, 'பழுது, ஆடாதீர்கள்' என்று அட்டை மாட்டி வைத்தேன். சித்திரை முதல் வாரம் ஒரு இளம் ஃபிட்டர் வந்தார். பையில் மறுபடியும் எஸ் கொக்கிதான் இருந்தது.

"இது வேண்டாம் தம்பி. இதுவும் அதே மாதிரி விரியும். டி ஷேக்கிள் போட்டு நைலாக் நட்டு போடு. ஆட்டத்துக்குக் கழலாது."

"ஸ்டோரில் இதைத்தான் கொடுத்தாங்க ஐயா."

கொஞ்ச நேரம் பழைய கொக்கியைக் கையில் உருட்டிப் பார்த்தார். தேய்ந்த இடத்தில் கட்டை விரலை வைத்து நிமிர்ந்தார். "நாளைக்கு வரேன் ஐயா" என்று போனவர் மறுநாள் எட்டு ஷேக்கிளோடு, அதாவது போல்ட் போட்டு வாயை மூடும் இரும்பு வளையத்தோடு, வந்தார். நான்கு ஊஞ்சலுக்கும் மாட்டினார், ஏணியை நான் பிடித்துக்கொண்டேன். முடித்ததும் சின்ன டப்பா வெள்ளைப் பெயின்ட் வாங்கி வந்து, ஊஞ்சல் தூணில் பிள்ளைகள் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் இரண்டு வரி எழுதினோம். மேல் வரியில் பார்த்த தேதி. கீழ் வரியில் அடுத்த தேதி, ஆடி முதல் நாள். இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட பேத்தி அதை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள்.

மணலும் மேடைக் கம்பியும் சறுக்குமரமும் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. ஆடி ஒன்று அன்று அந்த இளைஞர் வருகிறாரா என்று பார்த்துவிட்டு, மதிப்பெண்ணை மாற்றுவதா என்று இங்கேயே எழுதுகிறேன்.