பேரரசின் உதிரித்தாள்களோடு பதினோரு ஆண்டுகள்: ஒரு பயன்பாட்டு அனுபவம்

ஒரு புட்டிங் படத்தைத் தேடித்தான், பேரரசுக் காலத்துப் பழைய படங்களையும் தாள்களையும் தேடிப் பார்க்கும் இந்தப் பழக்கத்துக்குள் நுழைந்தேன். 1805 பிப்ரவரியில் ஜேம்ஸ் கில்ரே வெளியிட்ட கேலிச்சித்திரம் அது. மேசையின் நடுவே உலக உருண்டையே ஆவி பறக்கும் பிளம் புட்டிங்காக (உலர்பழம் சேர்த்த ஆங்கிலேயரின் கிறிஸ்துமஸ் பண்டம்) இருக்கிறது. ஒரு பக்கம் பிரிட்டிஷ் பிரதமர் பிட், மறுபக்கம் நெப்போலியன். நெப்போலியன் ஐரோப்பாவை அறுத்து எடுக்கிறார்; பிட் கடற்பரப்பையே ஒரு பெரிய துண்டாகப் பெயர்க்கிறார். ஏகாதிபத்தியம் என்ற சொல்லை வகுப்பில் விளக்க இந்த ஒரு படம் போதும் என்று அன்று நினைத்தேன். பதினோரு ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் காலத்தில் நான் புழங்கியவை மூன்று வகை. முதலாவது, தேசிய நூலகங்கள் இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் இணைய சேகரிப்புகள்: அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம், பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிக்கா போன்றவை. இரண்டாவது, சந்தா கட்டிப் பார்க்க வேண்டிய ஒரு தரவுத்தளம். பேரரசு தொடர்பான இதழ்கள், கடிதங்கள், விளம்பரங்கள், கண்காட்சி மலர்கள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் என்பது அதன் வாக்குறுதி. மூன்றாவது, அரசு ஆவணக் காப்பகக் கோப்புகள். அவற்றில் ஸ்கேன் ஆனவை கொஞ்சம். நேரில் உட்கார்ந்து புரட்டியவைதான் அதிகம்.

கேலிச்சித்திரங்களைப் பொறுத்தவரை காங்கிரஸ் நூலகமே சிறந்தது என்பது என் முடிவு. காரணம் ஒன்றுதான்: படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு உடைவதில்லை. 1899 ஜனவரி 25 தேதியிட்ட அமெரிக்க நையாண்டி இதழான பக்கில் லூயிஸ் டால்ரிம்பிள் வரைந்த பள்ளிக்கூடப் படத்தைப் பாடநூல்களில் தபால்தலை அளவில் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவைக் குறிக்கும் அங்கிள் சாம் ஆசிரியர். முதல் வரிசையில் பிலிப்பைன்ஸ், ஹவாய், போர்ட்டோ ரீக்கோ, கியூபா என்ற நான்கு முரட்டுப் பிள்ளைகள். சிறிய படத்தில் இவ்வளவுதான் தெரியும். பெரிதாக்கினால் மூலைகள் பேசத் தொடங்குகின்றன. கறுப்பினச் சிறுவன் ஒருவன் பாடத்தில் இல்லை, ஜன்னல் துடைத்துக்கொண்டிருக்கிறான். பூர்வகுடிச் சிறுவன் தனியே அமர்ந்து புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறான். சீனப் பையன் வாசலுக்கு வெளியே நிற்கிறான். பின்னால் உள்ள கரும்பலகையில், ஆளப்படுவோரின் சம்மதம் என்பது கொள்கையளவில் நல்லது, நடைமுறையில் அரிது என்ற பொருளில் ஒரு வாசகம். இங்கிலாந்து தன் குடியேற்ற நாடுகளைச் சம்மதம் கேட்காமலே ஆண்டது என்று அது மேலும் சொல்கிறது. படத்தின் முழு நியாயமும் அந்தப் பலகையில் இருக்கிறது. அதை வாசிக்க முடியாத பிரதியை வைத்துக்கொண்டு பாடம் நடத்திய ஆண்டுகளை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

காலிக்காவில் கிடைத்த இன்னொரு படம் என் பார்வையையே மாற்றியது. 1898 ஜனவரி 16 தேதியிட்ட பிரெஞ்சு இதழான லெ பெத்தி ஜுர்னாலில் ஆன்ரி மேயர் வரைந்தது. சீனா ஒரு பெரிய கேக். விக்டோரியா ராணி, ஜெர்மனியின் இரண்டாம் வில்ஹெல்ம், ரஷ்யாவின் இரண்டாம் நிக்கோலஸ், ஜப்பானைக் குறிக்கும் ஒரு சாமுராய் எல்லாரும் அதைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னால் சீன அதிகாரி ஒருவர் கைகளை உயர்த்திக் கதறுகிறார். பிரான்ஸைக் குறிக்கும் மரியானும் அங்கே இருக்கிறாள், ஆனால் அவள் கையில் கத்தி இல்லை. பல முறை பார்த்த பிறகுதான் இது எனக்கு உறைத்தது. அதே 1898இல் பிரான்ஸ் தென்சீனத்தில் குவாங்சோவானைக் குத்தகை என்ற பெயரில் கைக்கொண்டது. ஓவியர் தன் நாட்டின் கத்தியை மட்டும் வரையாமல் விட்டுவிட்டார். பேரரசைக் கண்டிக்கும் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், வரைந்தவருடைய நாட்டின் கை எங்கே இருக்கிறது என்று இப்போது நான் முதலில் தேடுகிறேன்.

புட்டிங் கதை இத்துடன் முடியவில்லை. 1926 முதல் 1933 வரை இயங்கிய பிரிட்டனின் பேரரசுச் சந்தை வாரியம், பேரரசுக்குள் விளைந்த பொருள்களையே வாங்குங்கள் என்று சுவரொட்டி ஒட்டிய அமைப்பு. 1927இல் அது பரப்பிய கிறிஸ்துமஸ் புட்டிங் குறிப்பு, அரண்மனைச் சமையல்காரர் தந்தது. திராட்சைக்கு எதிரே ஆஸ்திரேலியா, கிராம்புக்கு எதிரே சான்சிபார், பட்டைக்கு எதிரே இந்தியா அல்லது இலங்கை, சர்க்கரைக்கு எதிரே மேற்கிந்தியத் தீவுகள் அல்லது பிரிட்டிஷ் கயானா. கில்ரேயின் படத்தையும் இந்தச் சமையல் குறிப்பையும் ஒரே திரையில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தேன். 1805இல் கத்தி தெரிகிறது, வெட்டுபவன் முகம் தெரிகிறது. 1927க்குள் கத்தி போய்விட்டது. உலகம் வீட்டு அடுப்பங்கரையில் ஒரு பாத்திரத்துக்குள் அடங்கிவிட்டது. பிரிட்டிஷ் கயானாவின் கரும்புத் தோட்டங்களுக்கு 1838 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட இந்தியர்களைப் பற்றி அந்தப் பட்டியலில் ஒரு சொல்லும் கிடையாது.

இங்கேதான் கேலிச்சித்திரங்களின் மேல் எனக்கு இருந்த மயக்கம் குறைந்தது. பிரிட்டிஷ் நையாண்டி இதழான பஞ்சில் 1892 டிசம்பரில் லின்லி சாம்போர்ன் வரைந்த, ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் ஆட்சியை விரிக்க முனைந்த செசில் ரோட்ஸின் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கால் கெய்ரோவில், மறு கால் கேப் டவுனில், கைகளில் தந்திக் கம்பி, தோளில் துப்பாக்கி. ஆப்பிரிக்கா முழுவதும் அவர் காலடியில் இருக்கிறது. ஆப்பிரிக்கர் ஒருவர்கூட இல்லை. அதே இதழில் 1857 ஆகஸ்டில் டென்னியல் வரைந்ததில் இந்தியா ஒரு புலி, பிரிட்டன் ஒரு சிங்கம். பெரும் ஓவியர்கள் பேரரசை விலங்காகவும் தேவதையாகவும் அரக்கனாகவும் வரைந்தார்கள். வேலை செய்தவர்களைப் பார்க்க வேண்டுமானால் வேறு தாள்களுக்குப் போக வேண்டும்: டிக்கெட், லேபிள், ரசீது, நோட்டீஸ். ஒரு முறை பயன்பட்டதும் குப்பைக்குப் போக வேண்டியவை. யாரோ ஒருவர் எறியாமல் வைத்ததால் தப்பியவை. நான் இவற்றை உதிரித்தாள்கள் என்று சொல்கிறேன்.

சந்தா தரவுத்தளத்தை நான் வாங்கியதே இவற்றுக்காகத்தான். மான்செஸ்டர் துணிக்கட்டுகளின் மேல் ஒட்டப்பட்ட வண்ண லேபிள்களைச் சொல்லலாம். லட்சுமியும் கிருஷ்ணனும் பளபளக்கும் வண்ணத்தில், கீழே இங்கிலாந்து வணிகரின் பெயர். இந்தியத் தறிகளோடு போட்டியிட்ட துணி, இந்திய வீட்டுத் தெய்வங்களின் முகத்தோடு வந்து இறங்கியிருக்கிறது. சிலர் அந்த லேபிளைக் கிழித்தெடுத்துச் சுவரில் ஒட்டி வைத்தார்கள். அந்தச் சிறு காகிதத்தில் வணிகம், பக்தி, அச்சுத்தொழில் மூன்றும் ஒன்றாகக் கிடக்கின்றன.

1898 டிசம்பரில் கனடா வெளியிட்ட கிறிஸ்துமஸ் தபால்தலையும் அப்படிப்பட்டதுதான். பேரரசின் நிலங்கள் சிவப்பில் காட்டப்பட்ட உலக வரைபடம். இதுவரை இருந்ததைவிடப் பரந்த பேரரசு நம்முடையது என்ற பொருள்படும் ஒரு வரி. சிவப்பு தனியாக அச்சிடப்பட்டதால் சில பிரதிகளில் அது சற்று நகர்ந்து, பேரரசுக்குச் சொந்தமில்லாத இடங்களிலும் படிந்திருக்கும். ஒரே தபால்தலையின் ஐந்தாறு பிரதிகளை ஒப்பிடும்போது எல்லைகள் நகர்வதைப் பார்க்கலாம்.

இந்த இடத்தில் என் முதல் பெரிய குறையைச் சொல்ல வேண்டும். நான் சந்தா கட்டும் தரவுத்தளத்தின் பாதிக்கு மேற்பட்ட வரைபடங்களும் விளம்பரங்களும் பழைய மைக்ரோஃபிலிமிலிருந்து கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்யப்பட்டவை. பேரரசின் சிவப்பு அங்கே சாம்பல் நிறம். சாம்பலில் பார்க்கும்போது கனடாவும் ரஷ்யாவும் ஒன்றுபோலத் தெரிகின்றன. நிறமே செய்தியாக இருக்கும் ஒரு தாளை நிறமில்லாமல் தருவது பாதித் தாளைக் கிழித்துவிட்டுத் தருவதற்குச் சமம். இரண்டு முறை எழுதிக் கேட்டேன். மறு ஸ்கேன் திட்டத்தில் இல்லை என்று பதில் வந்தது.

இரண்டாவது குறை தேடுபெட்டி. 18ஆம் நூற்றாண்டு ஆங்கில அச்சில் வரும் நீண்ட எஸ் எழுத்தை எழுத்துணரி (ஸ்கேன் படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) எஃப் என்று படித்துவிடுகிறது. ஆகவே அந்தக் காலத்துத் தாள்களில் பாதி, தேடலில் அகப்படுவதே இல்லை. ஊர்ப் பெயர்களை இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடினால் வெறுமைதான். டிரிச்சினாப்பள்ளி, டின்னவெல்லி, டூட்டிகொரின் என்று அன்றைய துரைமார் எழுதியபடி எழுத வேண்டும். ராமசாமி என்ற ஒரே பெயரை நான்கைந்து விதமாக எழுதிப் பார்த்த பிறகே ஒரு கப்பல் பட்டியல் எனக்குக் கிடைத்தது. படங்களுக்குப் பட்டியலாளர் எழுதிய குறிப்புகளில் அன்றைய ஆட்சியாளரின் சொற்களே இன்றும் இருக்கின்றன. 1857ஐக் கிளர்ச்சி என்று தேடாமல் சிப்பாய்க் கலகம் என்று தேடினால்தான் படங்கள் வரிசையாக வரும். நான் ஏற்காத சொல்லைத் தட்டச்சு செய்து என் வரலாற்றைத் தேட வேண்டியிருப்பது இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்குப் பழகவில்லை.

என்றாலும், அந்தத் தேடுபெட்டியில் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்த ஒரு தமிழ்ச் சொல்தான் எனக்கு இந்தப் பதினோரு ஆண்டுகளின் மிகப் பெரிய கண்டடைவைத் தந்தது. அந்தச் சொல் துண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் துரை எழுதித் தரும் சீட்டு தேவை. இவ்வளவு ரூபாய் கடன் செலுத்தப்பட்டால் இன்ன கங்காணியின் கீழுள்ள இவர்கள் விடுவிக்கப்படுவார்கள் என்பது அதன் சாரம். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் தொழிலாளியின் தலையிலேயே தொடரும். ஆங்கிலேய அதிகாரிகள் அதை மொழிபெயர்க்கவே இல்லை, துண்டு என்றே சட்டத்திலும் அறிக்கையிலும் எழுதினார்கள். 1921இல் அந்த முறை ஒழிக்கப்பட்டது. இதோடு தகர டிக்கெட்டும் உண்டு: தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த சிறு தகர வில்லை, கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டியது. ரோட்ஸ் படத்தில் இல்லாத மனிதர் இங்கே இருக்கிறார், கடன் தொகையாகவும் எண்ணாகவும். 1860 நவம்பர் 16 அன்று ஒப்பந்தக் கூலிகளோடு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் வந்து சேர்ந்த ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. அத்தகைய கப்பல் பட்டியல்களில் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உடலிலுள்ள தழும்பு என்று கட்டங்கள் இருக்கும். ஒரு மனிதரின் நெற்றித் தழும்பு மட்டும் நூற்றைம்பது ஆண்டுகள் கடந்து நம்மிடம் வந்திருக்கிறது. அந்தக் கட்டத்தைப் படிக்கும்போது நான் ஒவ்வொரு முறையும் சற்று நேரம் நிறுத்திவிடுகிறேன்.

எதிர்த்து நின்றவர்களின் தாள்களைத் தேடுவோருக்கு ஒரு வழி சொல்கிறேன். 1906இல் தொடங்கிய இந்தியா வார இதழில் பாரதியார் கேலிச்சித்திரங்களைத் தொடர்ந்து வெளியிட்டார். தமிழ் இதழியலில் அது முன்னோடி முயற்சி. 1908இல் இதழ் புதுச்சேரிக்குப் போனது, 1910இல் நின்றுபோனது. இப்படிப்பட்ட இதழ்களின் மூலப்பிரதி கிடைக்காதபோது, சென்னை மாகாண அரசு தயாரித்த சுதேசப் பத்திரிகைகள் பற்றிய அறிக்கைகளைப் புரட்டுங்கள். எந்தப் பத்திரிகை என்ன எழுதியது என்பதை ஆங்கிலத்தில் சுருக்கி மேலிடத்துக்கு அனுப்பினார்கள். பல தமிழ் இதழ்களின் குரல் அந்தக் கண்காணிப்புச் சுருக்கமாக மட்டுமே பிழைத்திருக்கிறது. தடை செய்யப்பட்ட துண்டறிக்கைகளும் அப்படியே: பறிமுதல் செய்த அரசின் அலமாரியில்தான் அவை பத்திரமாக இருந்தன. சந்தா தரவுத்தளத்தில் தமிழ் எழுத்தில் தேடும் வசதி இன்றுவரை இல்லை. தமிழ்த் தாள்களுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும் நம்புங்கள்.

இல்லாத தாள்களையும் கணக்கில் எடுக்கக் கற்றுக்கொண்டேன். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான கென்யாவின் மாவ் மாவ் கிளர்ச்சியில் வதைக்கப்பட்டவர்கள் தொடுத்த வழக்கையொட்டி 2011இல் பிரிட்டிஷ் அரசு ஒரு ரகசியச் சேமிப்பை ஒப்புக்கொண்டது: 37 முன்னாள் குடியேற்ற நாடுகளைச் சேர்ந்த சுமார் 8,800 கோப்புகள். இப்போது அவை லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் எஃப்.சி.ஓ. 141 என்ற வரிசையில் கிடைக்கின்றன. அரசுக்குச் சங்கடம் தரக்கூடிய தாள்களைப் புதிய அரசுகளிடம் விட்டுவிடாமல் எரிக்கவும், சாம்பலைத் தூளாக்கவும், முடியாதவற்றைப் பெட்டியில் வைத்து ஆழ்கடலில் போடவும் உத்தரவுகள் இருந்தன. எதை அழித்தோம் என்று சான்றிதழ் எழுதும் முறையும் இருந்தது. என் பட்டியலில் அந்தச் சான்றிதழ்களையும் உதிரித்தாள் என்றே சேர்த்திருக்கிறேன்.

புதிதாகத் தொடங்குவோர் இலவச சேகரிப்புகளோடு ஓராண்டு இருங்கள். கேலிச்சித்திரங்களுக்கு அதுவே தாராளம். உதிரித்தாள்களை முறையாகப் பார்க்க வேண்டுமானால் மட்டும் சந்தா கட்டுங்கள், அதுவும் நூலகம் ஒன்றின் வழியாக. எந்தப் படத்தை இறக்கினாலும் இதழின் பெயர், தேதி, கோப்பு எண் மூன்றையும் அப்போதே எழுதி வையுங்கள். முதல் மூன்று ஆண்டுகள் நான் இதைச் செய்யாததால் நூற்றுக்கணக்கான படங்கள் ஊர்பேர் தெரியாமல் கிடக்கின்றன.

என் சந்தா மார்ச்சில் முடிகிறது, புதுப்பிக்கத்தான் போகிறேன். நான் பார்த்த ஒரு துண்டுச் சீட்டின் முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்திருக்கிறார்கள். தாளின் வழியே மங்கலாக, தலைகீழாக, பின்பக்கத்தில் இரண்டு வரித் தமிழ்க் கையெழுத்து தெரிகிறது. அதையும் ஸ்கேன் செய்து தருமாறு கேட்டு எழுதியிருக்கிறேன்.