ரூ.47,500 போச்சு: "சிபிலைச் சரிபண்ணித் தர்றேன்" என்பவரை நம்பாதீர்கள்

சிபிலை, அதாவது நாம் கடனைக் கட்டிய லட்சணத்துக்குப் போடும் மார்க்கை, ஏற்றித் தருகிறேன் என்ற கடன் ஏஜென்ட்டின் நம்பர் இன்று காலையிலிருந்து சுவிட்ச் ஆஃப். நாற்பத்தேழாயிரத்து ஐந்நூறு ரூபாய்! அந்த எரிச்சலில்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூடுவாஞ்சேரி பக்கம் ஒரு பழைய ஃபிளாட் பார்த்தோம். சம்பளம் 38,000, பைக் டியூ 4,200. அதுகூடப் பரவாயில்லை. 2020 ஊரடங்கில் கட்ட முடியாமல் போன கிரெடிட் கார்டு கடனைப் பேசி, குறைத்துக் கட்டி 'செட்டில்' செய்திருந்தேன். அதோடு தொல்லை விட்டது என்று நினைத்தேன். வங்கியில் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்கள்: சிபில் ஸ்கோர் 672, கீழே 'செட்டில்டு'. முழுசாகக் கட்டாதவன் என்று அர்த்தமாம். "ஒரு வருஷம் டியூ எல்லாம் ஒழுங்காக் கட்டிட்டு வாங்க சார், பார்க்கலாம்" என்றார் மேனேஜர். நேர்மையான பதில். எனக்குத்தான் அவசரம், வீட்டுக்காரர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாரோ என்று.

அப்புறம்தான் வீட்டுக் கடன் வாங்கித் தரும் ஏஜென்ட் ஒருவரிடம் போனேன். மாடியில் ஓர் அறை, சுவர் முழுக்க வங்கிக் காலண்டர்கள். டீ வரவழைத்தார். யாருக்கோ கடன் பாஸாகி வந்த சாங்ஷன் லெட்டரைப் போனில் காட்டினார், பெயரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு. அடுத்தவர் விஷயத்தை வெளியே விடாத மனுஷன் என்று மெச்சிக்கொண்டேன், முட்டாள்! "தம்பி, சிபில்ல நம்ம ஆள் இருக்கார், அந்த செட்டில்டைத் தூக்கிடலாம்." விண்ணப்பம் போட லாகின் ஃபீஸ் 5,900, பத்திரம் சரிபார்க்கும் லீகலுக்கும் வீட்டை மதிப்பிடும் வேல்யூவேஷனுக்கும் 11,600, 'சிபில் கரெக்‌ஷன்' 30,000. எல்லாம் கேஷ். அந்த முப்பதாயிரத்துக்கு மனைவியின் வளையல் அடகுக்குப் போனது. ரசீது கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்பக்கம் தொகையை எழுதிக் கொடுத்தார்.

பத்து நாள் என்றார். பிறகு மேனேஜர் லீவு. பிறகு சர்வர் டவுன். பிறகு, "ஆடியில எந்த ஃபைலும் நகராது தம்பி, ஆவணி பிறக்கட்டும்." ஆவணியும் பிறந்தது. நேரில் போனால், "சார் வெளியூர்" என்கிறது அங்கிருந்த பெண். கீழே இறங்கினால் படிக்கட்டடியில் அவருடைய ஸ்கூட்டர் நிற்கிறது.

நானே சிபில் ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தேன். செட்டில்டு அப்படியே இருக்கிறது. கூடவே ஒரே மாதத்தில் ஆறு இடங்களில் என் பெயரில் கடன் விண்ணப்பம். அப்படி வரிசையாக விண்ணப்பித்தாலே ஸ்கோர் குறையுமாம். இப்போது 641. ஏற்றித் தருகிறேன் என்று 47,500 வாங்கி இறக்கிவிட்டிருக்கிறார்.

வீட்டுக் கடன் எடுப்பவர்களுக்கு விவரமாக எழுத உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. ரிப்போர்ட்டை வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகவே எடுக்கலாம், முதலில் அதைப் பாருங்கள். கடன் கொடுத்த வங்கி சொல்லாமல் அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது; பாக்கியைக் கட்டி அவர்களிடமே 'க்ளோஸ்டு' போடச் சொல்லுங்கள். 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம்தான் உச்சவரம்பு. மீதியும் பத்திரச் செலவும் நம் கைக்காசு. அந்த ஆள் இதைச் சொல்லவே இல்லை.

நாளை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன். கையில் இருப்பது அந்தக் கார்டு ஒன்றுதான். 47,500 என்று எழுதியிருக்கிறது, கையெழுத்துகூட இல்லை.