மேல்தாள் ஒட்டுவதற்கு முன்பே பலகையைப் பார்த்துவிடுங்கள்

வீட்டின் அளவுக்கேற்பச் சமையலறை அலமாரிகளும் மரச்சாமான்களும் வடிவமைத்துச் செய்து தரும் ஒரு நிறுவனத்திடம் எங்கள் வீட்டு வேலையை ஒப்படைத்தோம். ஒப்பந்தத்தில் ஒரு பொருளை எழுதிவிட்டு வேறொரு பொருளைக் கொண்டுவந்து பூட்டிவிட்டுப் போனார்கள். அவர்களுடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எங்களுக்கும் அவர்களுக்கும் இடையிலான தகராறு இன்னும் தீரவில்லை என்பது ஒரு காரணம். இந்தக் கைவரிசையைக் காட்டுபவர்கள் அவர்கள் மட்டும் அல்லர் என்பது மற்றொரு காரணம். இதுபோன்ற வேலையைக் கொடுக்கவிருப்பவர்கள் எதை, எந்தக் கட்டத்தில் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் ஒப்பந்தம் தெளிவாகவே இருந்தது. அலமாரிப் பெட்டிகள் அனைத்தும் 18 மி.மீ. தடிமனுள்ள, கொதிநீர் தாங்கும் பிளைவுட். பின்பலகை 8 மி.மீ.; கீல்களும் இழுப்பறைச் சேனல்களும் பெயர் குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் தயாரிப்பு; சாப்பாட்டு மேசை முழுவதும் பதப்படுத்திய கெட்டி மரம். இவ்வளவும் எழுத்தில் இருந்தும் ஏமாற்றினார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. எழுதி வாங்கிவிட்டால் போதும் என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எழுதியதைச் சரிபார்க்கும் உரிமையும், அதற்கான நேரமும் ஒப்பந்தத்தில் இல்லையென்றால் அந்த எழுத்து வேலை முடியும்வரை தூங்கிக்கொண்டுதான் இருக்கும்.

குட்டு முதலில் வெளிப்பட்டது பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே உள்ள பெட்டியில். வடிகுழாயின் இணைப்பில் சிறிய கசிவு இருந்தது. அதைக் குழாய் வேலை செய்பவர் சரிசெய்துவிட்டார். ஆனால் அதற்குள் பெட்டியின் அடிப்பலகை முன்விளிம்பில் உப்பி, மேலே ஒட்டிய லேமினேட் என்னும் மேல்தாள் வாய் பிளந்து, 18 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் அளவுகோல் 23 மி.மீ. காட்டியது. குழாய் செல்வதற்காக வெட்டிய துளையின் உள்விளிம்பை யாரும் பட்டை ஒட்டி மூடியிருக்கவில்லை. அங்கே டார்ச் அடித்துப் பார்த்தபோது, பிளைவுட்டில் குறுக்கும் நெடுக்குமாகத் தெரிய வேண்டிய அடுக்குகளில் ஒன்றுகூட இல்லை; பசையில் குழைத்து அழுத்திய மரச்சிராய்கள்தாம் இருந்தன. திருப்புளியின் முனை பட்டதும் அவை பொலபொலவென்று உள்ளங்கையில் உதிர்ந்தன. அது பார்ட்டிகிள் போர்டு.

அதன்பிறகு எல்லாப் பெட்டிகளையும் சோதித்தோம். லேமினேட்டும் விளிம்புப் பட்டையும் ஒட்டி முடித்த பலகையை வெளியிலிருந்து பார்த்து இன்னது என்று சொல்வது அனுபவமுள்ள தச்சருக்கே கடினம். ஆனால் மூடப்படாத சில இடங்கள் எப்போதும் மிஞ்சியிருக்கும். குழாய்த் துளை ஒன்று. மின்செருகிக்காக வெட்டிய சதுரம் மற்றொன்று. எல்லா வீட்டிலும் கிடைப்பது கதவுக் கீலின் கிண்ணக்குழி. கீலின் திருகுகளைக் கழற்றி எடுத்தால், கதவில் 35 மி.மீ. விட்டமும் ஏறத்தாழ 12 மி.மீ. ஆழமும் உள்ள வட்டக் குழி தெரியும். பலகையின் வயிற்றில் என்ன இருக்கிறது என்பதை அந்தக் குழியின் சுவர் மறைக்காமல் காட்டிவிடும். பெட்டியின் பக்கப் பலகைகளுக்கு, சேனல் திருகுகளில் ஒன்றைக் கழற்றி, அதனுடன் வரும் தூளைப் பார்க்கலாம். இப்படிப் பார்த்ததில் எங்களுக்குக் கிடைத்த விடை வினோதமானது. வரிசையின் இரு முனைகளிலும் கண்ணுக்குத் தெரியும் பக்கப் பலகைகளும், மேற்பார்வையாளர் எங்களிடம் பெருமையுடன் திறந்து காட்டிய ஓர் உயரமான அலமாரியும் உண்மையான பிளைவுட். இடையில் இருந்த பெட்டிகளும், தண்ணீர் புழங்கும் பெட்டியும் சிராய்ப் பலகை. கை தவறி நடந்த கலப்பு இவ்வளவு ஒழுங்காக அமையாது.

புகார் செய்தபோது, “தண்ணீர் ஒழுகினால் எந்தப் பலகையும் உப்பத்தான் செய்யும், இது உங்கள் பராமரிப்புக் குறை” என்று பதில் வந்தது. இது பொய். கொதிநீர் தாங்கும் வகை என்று விற்கப்படும் பிளைவுட்டின் பசையைச் சோதிக்கும்போது, அதன் மாதிரித் துண்டுகளைப் பல மணி நேரம் கொதிக்கும் நீரில் வைத்து எடுக்கிறார்கள். அந்தச் சோதனையைத் தாங்கும் பலகை ஒரு குழாய் இணைப்பின் சொட்டுக்கு வாய் பிளக்காது. நீரில் உப்பிய பார்ட்டிகிள் போர்டு காய்ந்த பிறகும் பழைய தடிமனுக்குத் திரும்புவதில்லை. அதில் ஏறியிருந்த திருகுகளும் பிடிப்பை இழந்துவிடும்.

இதைப் படித்துவிட்டு பார்ட்டிகிள் போர்டு, மரநாரைப் பசையுடன் அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். என்றாலே மோசடி என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. உலகில் எத்தனையோ நல்ல சமையலறைகள் அவற்றால் செய்யப்பட்டவைதாம். விளிம்புகளை நன்றாக மூடி, ஈரம் படாத இடத்தில் பொருத்தினால் பல ஆண்டுகள் உழைக்கும். ஈரப்பதம் தாங்கும் வகைகளும் உண்டு. அவற்றை அடையாளம் காட்டப் பெரும்பாலும் பச்சைச் சாயம் கலப்பார்கள். சாயம் வெறும் அடையாளமே தவிர, அதுவே ஈரத்தைத் தடுப்பதில்லை என்பதால், பச்சையாக இருக்கிறது என்று யாராவது காட்டினால் அதோடு திருப்தி அடைய வேண்டாம். விலை குறைந்த பலகையை அதன் பெயரைச் சொல்லி, அதன் விலைக்கு விற்றிருந்தால் எனக்கு ஒரு குறையும் இருந்திருக்காது. வாசனையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பெட்டிகளைத் திறந்தபோதெல்லாம் கண் எரிந்தது. இத்தகைய பலகைகளின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வெளியேறுகிறது. அதனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது. உமிழ்வு குறைந்த பலகைகளுக்கு ‘இ1’ போன்ற தர வகைகள் இருக்கின்றன. எங்கள் பெட்டிகளின் மறைவான விளிம்புகள் பட்டை ஒட்டாமல் திறந்து கிடந்தன, பலகையில் எந்த முத்திரையும் இல்லை.

பலகை மாற்றத்தைவிட என்னை அதிகம் பதறவைத்தது சுவரில் தொங்கும் பெட்டிகள். ஒப்பந்தப்படி 8 மி.மீ. பின்பலகையைப் பக்கப் பலகைகளில் வெட்டிய பள்ளத்துக்குள் செருகியிருக்க வேண்டும். அவர்கள் 3 மி.மீ. தாள்பலகையைப் பின்னாலிருந்து சிறு ஆணிகள் அடித்து ஒட்டியிருந்தார்கள். பெட்டியைச் சுவரில் நிறுத்தும் திருகுகளும் அந்த மெல்லிய பலகையின் ஊடாகவே சென்றிருந்தன. பீங்கான் தட்டுகளை அடுக்கிய ஒரு பெட்டியின் முழு எடையையும் அந்தச் சிறு ஆணிகள் பிடித்துக்கொண்டிருந்தன என்று பொருள். முறையாகச் செய்பவர்கள் சுவரில் எஃகுப் பட்டை ஒன்றைப் பொருத்தி, பெட்டியின் கெட்டியான பக்கப் பலகைகளில் பூட்டிய கொக்கிகளால் அதில் மாட்டுவார்கள். எடை பின்பலகையின் மேல் விழாது. தொங்கு பெட்டியின் உள்ளே, மேல்மூலைகள் இரண்டிலும் அந்தக் கொக்கியின் மூடி தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால், எப்படி நிறுத்தினீர்கள் என்று அப்போதே கேளுங்கள். குழந்தைகள் நடமாடும் வீட்டில் இதில் தயவு தாட்சண்யம் வேண்டாம்.

கீல்களைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. பெயர் பெற்ற நிறுவனங்களின் கீலில் அவர்களுடைய முத்திரை கீலின் கிண்ணத்திலோ கைபோல் நீண்ட பகுதியிலோ அச்சாகியிருக்கும். எங்கள் வீட்டில் அடிக்கடி திறக்கும் கதவுகளில் மட்டும் அது இருந்தது. 2 மீட்டர் உயரக் கதவுக்கு 4 கீல்கள் இருப்பது வழக்கம், எங்களுக்கு 3 போட்டிருந்தார்கள். அந்தக் கதவு இப்போதே தொங்கித் தரையை உரசுகிறது.

மேசையின் கதை வேறு. மரம் காய்ந்தால் இழையின் நீளவாக்கில் அதிகம் சுருங்காது, குறுக்குவாக்கில் சுருங்கும். ஈரக்காற்றில் அதே திசையில் விரியும். அதனால்தான் மேசையின் மேற்பலகையைச் சட்டத்தோடு பூட்டும்போது திருகு நகர்வதற்கு நீள்துளை விடுவதும், நகரும் பிடிகளால் இணைப்பதும் தச்சுத்தொழிலின் அரிச்சுவடி. எங்கள் மேசையில் நாற்புறமும் திருகை இறுக்கியிருந்தார்கள். மரமும் சரியாகக் காயாதது. வீட்டுக்குள் புழங்கும் மரச்சாமானுக்கு ஈரப்பதம் பொதுவாக 8 முதல் 12 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். நாங்கள் பின்னர் அழைத்துவந்த மூத்த தச்சர் ஈரமானியை மேற்பலகையின் அடிப்பக்கத்தில் வைத்தபோது, வீட்டுக்கு வந்து பல மாதங்கள் ஆன பிறகும் அது 16-ஐக் காட்டியது. நகர இடமில்லாத பலகை நடுவில் நீளவாக்கில் பிளந்துவிட்டது. அதைவிட மோசமானது, வைரமும் (மரத்தின் கெட்டியான உட்பகுதி) வெளிறும் கலந்த பலகைகளை இணைத்து, வெளிறின் வெளுத்த நிறம் தெரியாதபடி முழுவதும் கருஞ்சாயம் பூசியிருந்தது. மரத்தின் வெளிப்பகுதியான வெளிறில் மாவுச்சத்து இருப்பதால் உளுவண்டுகள் அதைத்தான் தேடி வரும். மேசைக்காலின் அடியில் மாவுபோல் பொடி கொட்டத் தொடங்கியது. பக்கத்தில் குண்டூசி முனை அளவுத் துளைகள். சாயம் பூசிய மரத்தை ஒருபோதும் வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. சாயம் பூசுவதற்கு முன் பார்க்கக் கேளுங்கள்.

இந்த ஏமாற்று எல்லாவற்றுக்கும் வழிவிட்டது பணம் கொடுக்கும் முறைதான். முன்பணமாகப் பாதி, பொருள் வீட்டுக்கு வந்து இறங்கியதும் மீதியில் பெரும்பகுதி, வேலை முடிந்ததும் ஒரு சிறு தொகை என்று அட்டவணையை அவர்களே அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். பார்ப்பதற்கு நியாயமாகத் தெரியும். ஆனால் பொருள் வந்து இறங்கும்போது லேமினேட் ஒட்டி, விளிம்பு மூடி, நுரைத்தாள் சுற்றித்தான் வருகிறது. எதைச் சரிபார்த்துப் பணம் கொடுக்க வேண்டுமோ அது அந்த நாளில் கண்ணுக்குத் தெரியாது. அந்தத் தவணை கைக்குப் போனதும் மேற்பார்வையாளர் மாறினார், பொருத்துபவர்கள் தனி ஒப்பந்தக்காரர்கள் என்றார்கள், தொலைபேசியை எடுப்பதே அரிதாகிவிட்டது. மிச்சமிருந்த தொகை அவர்கள் விட்டுவிட்டுப் போகக்கூடிய அளவுக்குச் சிறியது. அப்படித்தான் அதைக் கணக்கிட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

பத்தாண்டு உத்தரவாதம் என்ற தாளையும் கொடுத்தார்கள். அதன் பின்பக்கத்தில், நீர், ஈரப்பதம், நீராவி ஆகியவற்றால் வரும் சேதம் சேராது என்று எழுதியிருக்கிறது. சமையலறைக்குத் தரும் உத்தரவாதத்திலிருந்து தண்ணீரை நீக்கிவிட்டால் மிஞ்சுவது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. பிளைவுட் தயாரிப்பாளர் தரும் உத்தரவாதமும் எங்களுக்கு உதவவில்லை. எந்தத் தயாரிப்பாளரின் எந்தப் பலகை என்ற விவரமே பில்லில் இல்லாமல், “மரவேலை மொத்தம்” என்று ஒரே வரியில் போட்டிருந்தார்கள்.

துளைகளின் படங்கள், உதிர்ந்த சிராய்கள், மூத்த தச்சர் கையெழுத்திட்டுக் கொடுத்த அறிக்கை எல்லாவற்றையும் இணைத்து எழுத்தில் அறிவிப்பு அனுப்பிய பிறகு, தொட்டிக்குக் கீழுள்ள பெட்டியை மட்டும் மாற்றித் தந்தார்கள். தொங்கு பெட்டிகளை நாங்களே இறக்கி, வேறொருவரைக் கொண்டு கொக்கி வைத்து மாட்டினோம். பலகை விலையின் வித்தியாசத்தையும் மேசைக்கான தொகையையும் திருப்பிக் கேட்டிருக்கிறோம். இந்த விவரங்களை வெளியில் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு ஒரு பகுதியைத் தருவதாகச் சொன்னார்கள், நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

படுக்கையறை அலமாரி வேலையை இப்போது வேறொரு தச்சரிடம் கொடுத்திருக்கிறோம். அவருடனான ஒப்பந்தத்தில் சேர்த்த பத்தி இதுதான், வேண்டுபவர்கள் எடுத்துக்கொள்ளலாம்: “பலகைகள் வெட்டப்பட்டு, லேமினேட் அல்லது சாயம் ஏற்றப்படுவதற்கு முன், பட்டறையில் வாடிக்கையாளர் அவற்றை நேரில் பார்த்து, தயாரிப்பாளர் முத்திரையைப் படமெடுத்து, ஒவ்வொரு வகையிலும் ஒரு வெட்டுத்துண்டைக் கையெழுத்துடன் பெற்றுக்கொள்வார், இரண்டாம் தவணை இந்தப் பார்வை முடிந்த பிறகே செலுத்தப்படும், பொருத்திய பெட்டிகளில் எதையும் கழற்றி அந்தத் துண்டுடன் ஒப்பிட வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு.” அந்தத் தச்சர் அதை ஒருமுறை படித்துவிட்டு, மறுபேச்சில்லாமல் கையெழுத்திட்டார். முந்தைய நிறுவனத்திடமும் பட்டறையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தோம். காப்பீட்டு விதிகள் அனுமதிக்காது என்று அப்போது சொன்னார்கள்.