பத்து ஷில்லிங்குக்குப் பிள்ளைக்கறி

அங்கதம் எழுதப் பழகுகிறவர்களுக்கு ஒரே ஒரு பிரதியைக் கைகாட்டச் சொன்னால், அயர்லாந்து எழுத்தாளர் ஜொனாதன் ஸ்விஃப்ட் 1729-இல் டப்ளினில் பெயர் போடாமல் வெளியிட்ட ‘எ மாடஸ்ட் ப்ரப்போசல்’ (ஓர் அடக்கமான யோசனை) குறுநூலைத்தான் காட்ட வேண்டும். புராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் 1080-ஆம் எண்ணில் இலவசமாகக் கிடைக்கிறது. அரை மணி நேரத்தில் படித்துவிடலாம், செரிக்கத்தான் நாளாகும்.

அயர்லாந்து ஏழைகளின் குழந்தைகள் நாட்டுக்குப் பாரம், ஒரு வயதானதும் கறிக்கு விற்றுவிடலாம் என்பதுதான் யோசனை. சொல்பவர் ஸ்விஃப்ட் அல்ல, அவர் படைத்த ஒரு பொதுநல ஆர்வலர். குரலை உயர்த்தாமல் கணக்குப் போடுகிறார். மக்கள்தொகை 15 லட்சம். பிள்ளை பெறும் தம்பதிகள் 2 லட்சம். அதில் வளர்க்க வசதியுள்ளவர்கள் 30,000 போக, கருச்சிதைவிலும் நோயிலும் விபத்திலும் போகிற 50,000 போக, ஆண்டுக்கு 1,20,000 ஏழைக் குழந்தைகள். 20,000-ஐ இனவிருத்திக்கு நிறுத்திக்கொள்ளலாம். அதில் கால்பங்கு ஆண் இருந்தால் போதும், ஆடு மாடு பன்றிக்கு நாம் விடுவதைவிட அது அதிகம்தான் என்கிறார். பிறக்கும்போது எடை 12 பவுண்டு, ஓராண்டில் 28. வளர்ப்புச் செலவு, கந்தல் துணி உட்பட, 2 ஷில்லிங். விலை 10. தாய்க்கு லாபம் 8.

பிள்ளைக்கறி என்றதும் நமக்குச் சிறுத்தொண்டர் நினைவுக்கு வருவார். அங்கே அடுப்பு மூட்டியது பக்தி, இங்கே கூட்டல் கழித்தல்.

பொருளியலாளர் வில்லியம் பெட்டி 17-ஆம் நூற்றாண்டில் தொடங்கிவைத்த ‘அரசியல் கணித’ எழுத்துகள் மனிதர்களை இப்படித்தான் தலைக்கணக்கில் எழுதின. அந்த நடையை அச்சு அசலாக எடுத்துக்கொண்டு, ஒரே ஓர் அடி கூடுதலாக நகர்கிறார் ஸ்விஃப்ட். குத்தல் வருமிடம் ஒற்றை வரி: பெற்றோரை ஏற்கெனவே தின்று தீர்த்தவர்கள் நிலச்சுவான்தார்கள் என்பதால், பிள்ளைகள் மீதும் அவர்களுக்கே முதல் உரிமை. விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில்கூட அயர்லாந்துக் குத்தகையை இங்கிலாந்தில் உட்கார்ந்து வாங்கியவர்களைத்தான் சொல்கிறார். அடுத்த வரியிலேயே ஒன்றும் நடக்காதது போல விற்பனைப் பருவத்துக்குப் போய்விடுகிறார். இவரைப் போல எழுத முயல்கிறவர்கள் சறுக்குவது இங்கேதான். இரண்டாம் பத்தியிலேயே ‘நான் கிண்டல்தான் செய்கிறேன்’ என்று கண்ணடித்துவிடுவார்கள். அதோடு வாசகர் சிரித்துவிட்டு நிம்மதியாகிவிடுவார். ஸ்விஃப்ட் அந்த நிம்மதியைத் தருவதே இல்லை.

கவனமாகப் படிக்க வேண்டியது பின்பகுதியில், ‘வேறு வழிகளைப் பற்றி என்னிடம் பேச வேண்டாம்’ என்று அவர் எரிச்சலோடு தள்ளுகிற பட்டியல். வெளிநாட்டில் வாழும் நிலச்சுவான்தார்களுக்குப் பவுண்டுக்கு 5 ஷில்லிங், அதாவது கால்பங்கு வரி. உள்நாட்டுப் பொருளையே வாங்குவது. குத்தகைதாரரிடம் கொஞ்சமாவது இரக்கம். நியாயமான வழிகள் அத்தனையும் அங்கேதான் இருக்கின்றன. அவற்றில் பலவற்றை ஸ்விஃப்ட் தன் குரலிலேயே முன்பு கேட்டிருக்கிறார். உள்நாட்டுத் துணியை உடுத்தச் சொன்ன 1720-ஆம் ஆண்டுக் குறுநூலுக்கு, அச்சிட்டவர் மீது வழக்குதான் பாய்ந்தது. நேராகச் சொல்லிப் பார்த்து அலுத்தவர் எழுதியது இது.

குறை இல்லாமல் இல்லை. ஆறு நன்மைகளை எண் போட்டு அடுக்கும் பகுதி கொஞ்சம் இழுக்கிறது. அதில் முதல் நன்மையே கத்தோலிக்கர் எண்ணிக்கை குறையும் என்பது. எழுதியவர் புராட்டஸ்டன்ட் திருச்சபையில் செயின்ட் பேட்ரிக் பேராலயத்தின் டீன், அதாவது தலைமைக் குரு. கற்பனைப் பாத்திரம் எங்கே முடிகிறது, ஸ்விஃப்டின் சொந்த வெறுப்பு எங்கே தொடங்குகிறது என்று அந்த இடத்தில் கோடு போட முடியவில்லை. பிச்சைக்காரர்கள் பற்றிய வரிகளிலும் அதே சந்தேகம். அதிகாரத்தில் இருப்பவரைக் குறிவைக்கும்போது கூர்மையாக இருக்கும் எழுத்து, கீழே இருப்பவர் பக்கம் திரும்பினால் உடனே மழுங்கிவிடுகிறது.

பிரிட்டிஷ் அரியணைக்கு உரிமைகோரிய ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டுக்காக ஸ்பெயினில் போரிடப் போனவர்கள், கரீபியத் தீவான பார்படோஸுக்குத் தங்களையே விற்றுக்கொண்ட ஏழைகள் என்று அந்தக் காலக் குறிப்புகள் நிறைய வருவதால், முதன்முறை படிப்பவர்களுக்கு அடிக்குறிப்புள்ள பதிப்பே நல்லது. சுருக்கிய பதிப்பு கையில் கிடைத்தால், ‘வேறு வழிகள்’ பத்தி இருக்கிறதா என்று முதலில் புரட்டிப் பாருங்கள். அதை வெட்டியிருந்தால் காசு கொடுக்க வேண்டாம்.