நாலாயிரம் ரூபாய் ஷூவும் ஆம்பூர் ஷூவும்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

அலுவலகத்துக்குப் போட ஐந்தாயிரத்துக்குள் நல்ல லெதர் ஷூ எது என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். என்னிடம் இருப்பவை இரண்டு: பெயர்பெற்ற நிறுவனம் ஒன்றின் கடையில் நாலாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கிய கறுப்பு ஆக்ஸ்ஃபோர்டு, ஆம்பூரில் ஏற்றுமதி மிச்சச் சரக்கு விற்கும் கடையில் ஆறாயிரத்துக்கு எடுத்த பழுப்பு டெர்பி. இரண்டும் கயிறு கட்டும் ரகம்தான்.

முதல் ஜோடியின் சொகுசை மறுக்க முடியாது. எடையே தெரியாது, நாள் முழுக்க நின்றாலும் கால் வலிக்காது. மேல்தோல், தழும்புகளைத் தேய்த்து மறைத்துப் பூச்சு கொடுத்த ரகம் என்பதால், விரல் மடங்கும் இடத்தில் பூச்சு வெடித்துவிட்டது. பாலிஷ் உள்ளே இறங்குவதே இல்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது சோல். மழைக்காலம் முழுக்கப் பெட்டிக்குள் கிடந்த ஷூவை ஒரு திருமணத்துக்கு எடுத்துப் போட்டால், மண்டபத் தரையெங்கும் கறுப்பாகப் பொடி உதிர்ந்தது. அது பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக் ரக சோல்; காற்றின் ஈரத்தை வாங்கி உள்ளுக்குள்ளேயே சிதையக்கூடியது; சென்னை போன்ற கடலோர ஊரில் போடாமல் வைத்திருந்தாலும் அதற்கு ஆயுசு குறைவுதான். தெருமுனையில் ஷூ தைப்பவர் நகத்தால் கிள்ளிப் பார்த்து, பசை பிடிக்க இடமே இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். காலணித் தொழிலில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த இந்தச் சங்கதியைப் பெட்டியின் மேல் ஒரு வரி அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்?

ஆம்பூர் ஜோடி ஆரம்பத்தில் குதிகாலைக் கடித்தது, கனமும் அதிகம், ஈர டைல்ஸில் அதன் தோல் சோல் வழுக்கும். ஆனால் அது குட்இயர் வெல்ட் முறையில் தைத்தது. மேல்தோலோடு சுற்றிலும் ஒரு பட்டையைத் தைத்து, அந்தப் பட்டையோடுதான் சோலைத் தைத்திருப்பார்கள் என்பதால், தேய்ந்த சோலைப் பிரித்துவிட்டு, மேல்தோலில் ஊசியே படாமல், ரப்பர் சோலைக் கையால் தைத்துக் கொடுத்தார் அதே மனிதர். கூலி ஆயிரத்து இருநூறு. உள்ளேயிருந்த கார்க் என் பாதத்துக்கேற்ப அமுங்கி, ஐந்து விரலும் இன்சோலில் (பாதம் படும் உள் அடுக்கில்) அச்சாகப் பதிந்திருக்கின்றன. இப்போது கடிப்பதும் இல்லை. (ஒட்டிய ஷூவிலும் அழகுக்குப் பட்டைத் தையல் வைக்கிறார்கள், அதைக் கண்டு ஏமாற வேண்டாம்.)

சொகுசுக்கு மதிப்பெண் போட்டால் இன்றும் முதல் ஜோடிக்குத்தான் அதிகம் விழும். இருந்தாலும், ஆயிரம் ரூபாய் கூடப் போட்டு ஆம்பூருக்கே போங்கள். முதல் ஜோடியைப் பாதி விலைக்குத் தந்தாலும் அந்த நிறுவனத்தின் கடை வாசலை நான் மிதிப்பதாக இல்லை.