ஒரே சுருளா, பதினாறு தாள்களா?

குழந்தைகளோடு சுவரளவு காகித ஓவியம் என்றதும் எல்லோரும் பழுப்புக் காகிதச் சுருளைத்தான் தேடுவார்கள். நானும் தேடினேன். ஐந்து மீட்டர் தரையில் விரித்து, மூலைகளில் டேப் ஒட்டி, பன்னிரண்டு குழந்தைகளை இருபுறமும் உட்காரவைத்தேன். ஒரு மணி நேரத்தில் கடல் தயார். தூக்கி மாட்டிப் பார்த்தால் பாதி மீன்கள் வயிற்றைக் காட்டி மிதக்கின்றன. எதிர்வரிசைக்காரர்களுக்கு அதுதான் மேல்பக்கம். நட்டநடுவே நீல வண்ணத்தில் ஒரு முட்டித் தடம் வேறு. கை எட்டாத ஒரு சின்னவள் தவழ்ந்து போயிருக்கிறாள்.

ஆனாலும் சுருளில் நடக்கும் பேச்சு வேறு எதிலும் நடப்பதில்லை. "உன் ஆக்டோபஸ் கால் என் படகில் இடிக்கிறது" என்று சண்டை தொடங்கும். சற்று நேரத்தில் ஆக்டோபஸ் படகைத் தூக்கிப் பிடித்திருக்கும். எல்லோரையும் ஒரே பக்கம் உட்காரவைத்தால் மீன் பிரச்சினை தீரும், ஆனால் ஆளுக்கு அரை மீட்டராவது வேண்டும். அகலம் பிள்ளைகளின் கை எட்டும் அளவோடு நிற்கட்டும். தண்ணீராக வண்ணம் கரைத்தால் காகித இழைகள் உப்பி, தாள் அலை அலையாகச் சுருங்கிவிடும். கெட்டியான போஸ்டர் வண்ணமோ கிரேயானோதான் சரி.

தாள்களைச் சேர்த்து ஒட்டும் முறை ஆசிரியர்களுக்குப் பிடித்தமானது. பதினாறு ஏ4 தாள்கள் சேர்ந்தால் ஒரு ஏ0, அதாவது ஒரு சதுர மீட்டர். சிறிய மேசை போதும். ஒருவர் சொதப்பினால் ஒரு தாளோடு போயிற்று. வராத பிள்ளை மறுநாள் தன் பங்கைச் செய்யலாம். பின்பக்கம் எண்ணும் மேல்நோக்கி ஓர் அம்புக்குறியும் போடாவிட்டால் ஒட்டும்போது தலை சுற்றும். என் குறை வேறு: கோடுகள் சேர வேண்டுமானால் முழுப்படத்தையும் யாராவது முன்பே பென்சிலால் வரைந்திருக்க வேண்டும். அந்த யாராவது எப்போதும் பெரியவர்தான். பிள்ளைகள் வண்ணம் நிரப்பும் வேலையாட்களாகிவிடுகிறார்கள்.

மூன்றாவது வழி, வண்ணத் தாளில் உருவங்களை வெட்டி ஒட்டுவது. அதைக் குழந்தை வேலை என்று ஒதுக்குகிறவர்கள் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸை நினைத்துக்கொள்ளலாம். முதுமையில், உடல் ஒத்துழைக்காத நிலையில், உதவியாளர்கள் வண்ணம் பூசிவைத்த தாள்களை அவர் கத்தரிக்கோலால் வெட்டினார். 1953இல் செய்த 'நத்தை' என்ற படம் நீளம், அகலம் இரண்டிலும் ஏறக்குறைய 2.87 மீட்டர். துண்டுகளை முதலில் ஊசியால் குத்திவைத்து, இடம் மாற்றி மாற்றிப் பார்த்த பிறகே ஒட்டச் செய்வார். அந்தப் பழக்கம் நமக்கும் உதவும். ஊசிக்குப் பதில் சிறு டேப் துண்டு. தலைகீழ் மீனைத் திருப்பிவிடலாம், மூலையில் குவிந்த நண்டுகளைப் பரப்பலாம். நான்கு வயதுக் கைக்குக் கத்தரிக்கோல் வசப்படாவிட்டால் கிழிக்கட்டும். கிழிந்த ஓரம் அலைக்கு இன்னும் பொருத்தம். பசைக்குச்சியை மட்டும் நம்பாதீர்கள், விளிம்புகள் மறுநாளே எழும்பும்.

ஒரு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் தாள்கள். இரண்டு நாள் இருந்தால் சுருளைப் பின்னணியாக்கி, சின்னவர்கள் பஞ்சால் கடல் பூசட்டும். காய்ந்ததும் வெட்டிய உருவங்களை அதன்மேல் ஒட்டலாம். அடுத்த நாள் நாங்கள் அப்படித்தான் செய்தோம். தலைகீழ் மீன்களின்மேல் புதிய மீன்கள் ஏறின. முட்டித் தடத்தை மட்டும் யாரும் மூடவில்லை; இரண்டு கண் ஒட்டி ஜெல்லிமீனாக்கிவிட்டார்கள்.